பெண் கடல் சீறும் மாதம்

இராமேசுவரத்துக்குப் போனால் நாமெல்லாம் என்ன செய்கிறோம்? அக்கினி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீர், சுவாமி தரிசனம், சங்கு வளையல், பாசி மணிமாலை. அப்புறம் ஈரத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறோம். தீவைச் சுற்றியிருக்கிற கடலைப் பார்த்தும் பாராமல் வந்துவிடுகிறோம். பாம்பனில் இருக்கும் நாத்தனார் வீட்டில் போன ஆவணியில் நாலு நாள் தங்கினேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் 2017-லிருந்து நல்ல சாலை இருக்கிறது. இடதுபுறம் பாக் நீரிணை, குளம் மாதிரி அடங்கிக் கிடந்தது. வலதுபுறம் மன்னார் வளைகுடா, அலை மேல் அலையாக ஒரே ஆர்ப்பாட்டம். "அது பெண் கடல், இது ஆண் கடல்" என்றார் ஆட்டோக்காரர். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அங்கே கீற்றுக் கொட்டகையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாவிடம் அதைச் சொன்னபோது பொக்கை வாய் தெரியச் சிரித்துவிட்டார்.

"இப்ப கச்சான் அடிக்குது தாயி, அதான் தென்கடலு குதிக்குது. ஐப்பசி, கார்த்திகையில வாடை அடிக்கையில வந்து பாரு. உங்க பொம்பளைக் கடலு கரையைப் பேத்துரும்!"

விஷயம் இதுதான். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடை பிறந்துவிட்டால் அப்படியே தலைகீழ். தீவே குறுக்கே கிடந்து காற்றை மறைப்பதால், எந்தக் காலத்திலும் ஒரு பக்கமாவது தொழில் செய்யலாம். அதனால் தனுஷ்கோடிக் கரைவலைக்காரர்கள் காற்று மாறினால் வலை, கயிறு, சட்டி பானையோடு கரை மாறிவிடுகிறார்கள். கிழக்கே இருந்து வருவது கொண்டல், தெற்கே இருந்து வருவது சோழகம். நமக்குச் செய்யுளில் படித்த பேர்கள். அவர்களுக்கு அன்றைக்கு உலை வைக்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்லும் பேர்கள்.

காற்றே இல்லாமல் அலை மட்டும் பெருத்து வந்தால், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் எங்கோ கடல் கெட்டிருக்கிறது என்று அர்த்தமாம். அப்போது வீட்டு ஆம்பிளையைப் போகாதே என்று தடுப்பதும் பெண்கள்தான். பாட்டியம்மாவுக்கு அந்தப் பாடம் சின்ன வயசிலேயே கிடைத்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு புயல் வந்து, பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் ஊரையும் வாரிக்கொண்டு போனபோது அவருக்கு அஞ்சு வயசு. "சாயங்காலமே கடலு சொல்லிருச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு. சொன்னா மட்டும்? எங்கிட்டு ஓடுறது, ரெண்டு பக்கமும் தண்ணி." இதைச் சொல்லிவிட்டுக் கருவாட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்துவிட்டார். எனக்கு மேலே எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் நாத்தனார் என்னைப் பாம்பன் பக்கத்திலுள்ள சின்னப்பாலத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே கடலில் இறங்குவது பெண்கள். கடல்பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து என்று அவர்கள் சொல்லும் பாசியிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். நாம் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று வாங்கிப் பாலில் காய்ச்சி வில்லை போடுகிறோமே, அதே சரக்குதான். கஞ்சிப்பாசி என்று இன்னொன்று. பேரிலேயே அதன் உபயோகம் இருக்கிறது.

இவர்கள் வீட்டில் அலாரம் வைப்பது நிலாவைப் பார்த்துத்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும். அப்போது பாறைக்குப் போய் முங்குவது சுலபம். வற்றும் நேரமும் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகிறது. இன்றைக்கு அஞ்சு மணிக்குப் படகு என்றால் நாளைக்கு ஆறு மணியை நெருங்கும். அதற்குத் தக்கபடி சமையல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு எல்லாம் நகரும். நம் வீட்டில் பால்காரர் பத்து நிமிஷம் தாமதித்தாலே அமர்க்களம்!

கண்ணுக்குக் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, பாறை அறுக்காமலிருக்க விரலெல்லாம் துணிச் சுற்று. இதுதான் கவசம். மணிக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறிய கையைத் தொட்டுப் பார்த்தேன், தேங்காய் நார் போல் இருந்தது. பாசி மறுபடி வளர வேண்டுமே என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதென்று இந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015-ல் அமெரிக்கா போய் சீகாலஜி விருது வாங்கி வந்தார். இங்குள்ள 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986-ல் தேசியப் பூங்கா ஆனதால் தீவோரமாகப் பாசி எடுக்கத் தடை இருக்கிறது. கடலைப் பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் காலங்காலமாக அங்கே போய்வந்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது பாம்பனில் 2016-ல் தொடங்கிய கடல் ஓசை வானொலி இருக்கிறது, கைபேசியில் எச்சரிக்கை வருகிறது, துறைமுகத்தில் புயல் கூண்டும் ஏற்றுகிறார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டில் மகள் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். கைபேசியைப் பார்த்து, "நாளைக்குக் காத்து அதிகமாம்மா" என்று அவள்தான் சொன்னாள். அம்மா சரியென்று கேட்டுக்கொண்டாள். இருந்தாலும் வாசலுக்குப் போய் மேற்கே மேகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தாள்.

"இவளுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? என் கை மாதிரி அவ கை ஆகணுமா?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "காத்து பேரெல்லாம் தெரியும். கேளுங்க, சொல்லுவா" என்றாள்.

கேட்டேன். கச்சான், வாடை, கொண்டல் என்று விரல் விட்டுச் சொன்ன பெண் நாலாவதுக்கு அம்மா முகத்தைப் பார்த்தது.