ஓடுவதற்கு முன் நிற்கக் கற்போம்

கார் என்றதும் அதன் வேகத்தையும் அழகையும் பேசுவோர் பலர். அது நிற்கும் திறத்தைப் பேசுவோர் சிலரே. நாங்களும் ஒரு காலத்தில் அந்தப் பலருள் அடங்குவோம். 2012ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த ஒன்று எங்கள் எண்ணத்தை மாற்றியது. அதனை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் தந்தையார் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் இரவுக் காவலராகப் பணியாற்றினார். அவரிடம் ஒரு பழைய புரோட்டோன் வீரா கார் இருந்தது. காலையில் பணி முடிந்து வந்ததும் எங்கள் தங்கையையும் லயத்துப் பிள்ளைகள் மூவரையும் அதில் ஏற்றிச் சென்று, ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்ட பின்னரே அவர் உறங்கச் செல்வார். அந்தக் காரின் பிரேக் சில மாதங்களாக அழுத்தும்போதெல்லாம் நடுங்கியது. கிறீச்சென்று ஓசையும் எழுப்பியது.

ஈப்போவில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எங்கள் அண்ணன், தம் சேமிப்பில் இரண்டு பொருள்களை வாங்கி வந்தார். ஒன்று, முன் சக்கரங்களுக்கான புதிய பிரேக் தட்டுகளும் பேடுகளும். மற்றொன்று, காரை நான்கு சென்டிமீட்டர் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங்குகள். தாழ்ந்த கார் வளைவில் குறைவாகச் சாயும் என்றார் அண்ணன். அது உண்மையே. எனினும், அழகுக்காகவே அவர் அவற்றை வாங்கினார் என்பதை நாங்கள் அனைவரும் அறிவோம்.

தந்தையார் மறுத்துப் பேசவில்லை. எங்கள் ஐவரையும் காரில் ஏறி அமரச் சொன்னார். எஞ்சினுக்கு அடியில் மிகத் தாழ்ந்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை ஒரு கழியால் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடிட்டார். பின்னர் அதே கழியுடன் செம்மண் சாலைக்குச் சென்றார். லாரிச் சக்கரங்கள் பறித்த இரு பள்ளங்களுக்கு நடுவே மேடிட்டிருந்த மண்ணின் உயரத்தை அளந்து, இரண்டாவது கோட்டை இட்டார். இரு கோடுகளுக்கும் இடைவெளி மூன்று சென்டிமீட்டர்தான்!

"தம்பி, கார் தாழ்ந்தால் பார்ப்பதற்கு அழகுதான். நடுவழியில் அடிபட்டு நின்றால் பிள்ளைகள் பள்ளிக்கு எதில் போவார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் கழியையே நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தார். மேலும், ஸ்பிரிங் மாற்றுவது வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க வேலையும் அன்று. அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கில் பெரும் விசை அடங்கியிருக்கும். அது நழுவித் தெறித்தால் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். அடுத்த வாரமே அண்ணன் அவற்றை விற்று, அந்தப் பணத்தில் காரைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டும், முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றும் வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரேக் வேலை தொடங்கியது. சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, காரை ஜாக்கியால் உயர்த்தித் தாங்கிகளின் மீது அமர்த்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் கை நீட்டக் கூடாது என்பது தந்தையாரின் முதற்கட்டளை. சக்கரத்தைக் கழற்றியதும் பழைய தட்டைக் கண்டோம். அதன் விளிம்பில் துரு படிந்த கரை எழும்பியிருந்தது. நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. அதில் பொறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சத் தடிப்புக்கும் கீழே அது தேய்ந்துவிட்டது. இத்தகைய தட்டை நம்பியா நான்கு பிள்ளைகள் நாள்தோறும் பயணம் செய்தனர் என எண்ணியபோது எங்கள் நெஞ்சம் நடுங்கியது.

பேடுகளைப் பற்றிப் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர்க் குழாயில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். தட்டு அமரும் இடத்தில் இருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றினோம். அங்கே சிறிது துரு எஞ்சினாலும் புதிய தட்டு கோணலாகச் சுழலும். புதிய தட்டின் மீது பூசப்பட்டிருந்த எண்ணெயை நன்கு துடைத்தோம். தடித்த புதிய பேடுகளுக்கு இடமளிக்கும் பொருட்டு கேலிப்பரின் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினோம். இரு பக்கமும் முடிந்தபின், நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினோம். அதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

வேலை முடிந்த மகிழ்ச்சியில் அண்ணன் காரை இயக்கினார். முற்றம் சாலையை நோக்கிச் சரிந்திருக்கும். கார் உருளத் தொடங்கியதும் அவர் பிரேக்கை மிதித்தார், மிதிகட்டை தரைவரை சென்றது, கார் நிற்கவில்லை! சரிவின் முடிவில் தண்ணீர்ச் செம்புடன் எங்கள் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அருகில் அமர்ந்திருந்த தந்தையார் கைப்பிரேக்கைப் பற்றி இழுத்தார். பின் சக்கரங்கள் கவ்விக்கொள்ள, தங்கைக்கு நான்கடி தொலைவில் கார் நின்றது. எவருக்கும் பேச்சு எழவில்லை.

காரணம் எளியது. பிஸ்டனை உள்ளே தள்ளியதால் பேடுக்கும் தட்டுக்கும் இடையே இடைவெளி உண்டாகியிருந்தது. மிதிகட்டையைப் பலமுறை மிதித்து அதனை நிரப்பிய பின்னரே காரை நகர்த்தியிருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத அந்தச் செயலை நாங்கள் மறந்தோம்.

பிரேக் செய்யும் பணி எத்துணைப் பெரிது தெரியுமா? 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பெற்றிருக்கும் ஆற்றல், குழாயிலிருந்து பிடித்த ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நிறுத்தும்போது அதன் பெரும்பகுதியைப் பிரேக்குகளே வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. வேகம் இரு மடங்கானால் அவ்வாற்றல் நான்கு மடங்காகும். இதனால்தான் கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவோர் பிரேக்கை மிதித்தபடியே வராமல், கியரைக் குறைத்து எஞ்சினின் துணையோடு இறங்குகின்றனர்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. எவர் காரை எடுத்தாலும் நகருமுன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். மறந்தால், "மிதித்துப் பார்த்தீர்களா, அண்ணா?" என்று தங்கையின் குரல் பின்னிருக்கையிலிருந்து எழும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் மோட்டார்ச் சைக்கிளோ காரோ ஓட்டுவீர்கள். அதனை அழகுபடுத்த ஆசையும் கொள்வீர்கள், அவ்வாசை தவறன்று. ஆனால் முதல் வெள்ளியைப் பிரேக்குக்குச் செலவிடுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனத்தின் சக்கரத்தைக் கழற்றி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அந்தத் தட்டின் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள். நாங்கள் காலந்தாழ்த்தியே அளந்தோம். நீங்கள் இன்றே அளப்பீர்களாக!