நிற்க வைக்கும் கம்பி

மோட்டார் வைத்திருப்பவரைக் கண்டால் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. "என்ன வேகம் போகும்?" என்பது ஒன்று, "பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?" என்பது மற்றொன்று. "நிறுத்திய இடத்தில் நிற்குமா?" என்று கேட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் குன்னூர் போன்ற மலையூரில் குடியிருப்பவனுக்கு அதுவே முதற் கேள்வி. இங்கே வீட்டு வாசலும் சரிவு, கடைவீதியும் சரிவு, கோயில் வாசலும் சரிவு.

என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்துக்களில் ஒன்று மாரிஸ் மைனர் கார். அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணர் வகுத்த வண்டி அது. 1948-ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்து, 16 லட்சத்துக்கு மேல் உற்பத்தியாகி, உலகெங்கும் ஓடிற்று. அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் அந்த டிரம்கள் சூடேறி, பிரேக்கின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தாயிற்று. பின் அச்சும் தேய்ந்து போகவே, பிற்காலத்து வண்டி ஒன்றின் அச்சை அதன் டிஸ்க் பிரேக்குகளோடு பொருத்துவதென்று தீர்மானித்தேன். இத்தகைய மாறுதல்களுக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வரம்பு விதிக்கிறது. ஆகையால் வேலை தொடங்குமுன்பே போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதி அனுமதி பெற்றுக்கொண்டேன்.

அச்சு ஏறியது, கால் பிரேக்கும் பிரமாதமாகப் பிடித்தது. பட்டறை மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "சார், எல்லாம் முடிஞ்சுது. கைப் பிரேக் கேபிள் மட்டும் பழசு புதுசோட சேராது. அதை விட்டுடுங்க. கியரிலே போட்டு, டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தாப் போதும்" என்றார்.

"மேஸ்திரி, எங்கள் தெரு எங்கே போய் முடிகிறது?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்து வாசல்லே, சார்."

"சாயங்காலம் 4 மணிக்கு அந்த வாசலில் யார் நிற்பார்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அளவு நாடாவை எடுத்து வந்தார்.

விஷயம் எவ்வளவு பெரிது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நான்கு பேரும் மூட்டைகளும் ஏறினால் அந்தச் சின்ன வண்டியே ஏறக்குறைய 1,000 கிலோ நிறுக்கும். எட்டடி போனால் ஓரடி உயரும் சரிவில் அதை நிறுத்தினால், 125 கிலோ விசை அதைக் கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். பகலென்றும் இரவென்றும் பாராமல், யாரும் இல்லாத வேளையிலும் இழுக்கும். அதை எதிர்த்து நிற்பது நம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி.

அந்தக் கம்பியின் சூத்திரம் 1896-இல் எர்னஸ்ட் பௌடன் என்பவர் காப்புரிமை பெற்றது. உறைக்குள் ஓடும் கம்பி, அவ்வளவுதான். ஆனால் இழுப்பது கம்பியென்றால், அந்த இழுப்புக்கு முட்டுக் கொடுப்பது உறை. உறையின் இரு முனைகளும் அசையாத தாங்கியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தாங்கி வளைந்தால், நாம் இழுப்பதெல்லாம் தகட்டை வளைப்பதற்கே செலவாகும். ஆகையால் புதிய கேபிளுக்கு மூன்று அளவுகள் வேண்டும்: கம்பியின் முழு நீளம், உறையின் நீளம், உறைக்கு வெளியே தெரியும் கம்பியின் நீளம். கம்பி எட்டவில்லையென்று கிளிப் போட்டு ஒட்டுச் சேர்ப்பதும், முனையைப் பற்றவைப்பதும் ஆபத்து. சூடு பட்ட எஃகுக் கம்பி தன் உரத்தை இழந்துவிடும்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. டிரம்முக்குள் இருக்கும் ஷூக்களில் ஒன்றைச் சுழற்சியே இழுத்து மேலும் இறுக்கும். வண்டி நகரப் பார்த்தால் பிடி தானே வலுக்கும். டிஸ்க்குக்கு அந்தத் தாராள குணம் கிடையாது. நாம் கொடுத்த விசை எவ்வளவோ அவ்வளவே பிடிக்கும். ஆகவே பழைய கை லீவருக்குப் புதிய காலிப்பர் கூடுதலாக வேலை வைக்கிறது. காலிப்பரின் லீவர் 20 மி.மீ. நகர வேண்டும், கை லீவரோ 12 மி.மீ. மட்டுமே கம்பியை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு இடை லீவரை வைத்து 12-ஐ 20 ஆக்கலாம். ஆனால் தூரம் பெருகும் அதே விகிதத்தில் விசை குறைந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் யாருக்கும் இனாம் கொடுப்பவரல்லர். இரண்டையும் கணக்குப் பார்த்து, கை தளராமல் இழுக்கும்போது பிடிப்பும் போதுமானதாக வரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் சாரம்.

மாரிஸ் மைனரில் கை லீவரிலிருந்து சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு கேபிள்கள் தனித்தனியே போகின்றன. ஒன்று சற்று நீண்டுவிட்டால் மற்றொன்றே முழுப் பாரத்தையும் சுமக்கும். நாங்கள் செய்த ஏற்பாடு வேறு. லீவரிலிருந்து ஒரே கேபிள் வண்டியின் நடுவே வருகிறது. அங்கே ஒரு சமன் தகடு. அதன் இரு முனைகளிலிருந்து, புதிய அச்சுக்கென்றே செய்யப்பட்ட கேபிள்கள் காலிப்பர்களுக்குப் போகின்றன. காலிப்பரோடு சேரும் முனை தயாராகவே கிடைத்துவிட்டது. நடுக் கேபிளை மட்டும் கோயமுத்தூரில் கேபிள் செய்பவரிடம் அளவு கொடுத்துச் செய்வித்தோம். அந்தத் தகட்டைப் பார்த்ததும் எனக்கு நுகத்தடியின் பகலாணி ஞாபகம் வந்தது. இரண்டு மாடுகளில் எதற்கும் பட்சபாதம் காட்டாமல் நடுவில் நிற்கும் ஆணியல்லவா அது! சமன் தகடும் அப்படியே இரு சக்கரங்களுக்கும் விசையைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

கேபிள் போகும் வழியிலும் கவனம் வேண்டும். வில் பட்டைகளின் மேல் அச்சு ஏறியிறங்கும்போது கம்பி இறுகக் கூடாது. புகைக்குழாயையும் சுழலும் தண்டையும் உறை தொடக் கூடாது. வளைவுகள் தாராளமாக இருக்க வேண்டும். கால் பிரேக்கைச் சரிசெய்த பின்னரே கேபிளை இறுக்க வேண்டும். கையை விட்டதும் காலிப்பர் லீவர் தன் ஆரம்ப நிலைக்கு முழுவதும் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் ஓயாமல் உரசி, மலை இறங்கும்போது நாம் எந்தச் சூட்டுக்குப் பயந்தோமோ அதே சூட்டில் கொண்டுபோய் விடும்.

பரீட்சையைச் சரிவிலேயே வைத்தோம். சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளி மரக்கட்டைகளைப் போட்டு, ஒருவரை உள்ளே கால் பிரேக்கின் அருகில் உட்கார வைத்து, கியரை எடுத்துவிட்டுக் கைப் பிரேக்கை மட்டும் இழுத்தோம். மேல்நோக்கி நின்றது, திருப்பி நிறுத்தியபோது கீழ்நோக்கியும் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தோம். காரணம் உண்டு. ஓடிச் சூடேறிய டிஸ்க் ஆறும்போது சற்றுச் சுருங்கும். அப்போது பிடி தளர்ந்து, அசையாமல் நின்ற வண்டி புறப்பட்டுவிடக் கூடும். மலையிலிருந்து வந்து நிறுத்துகிறவர்கள் லீவரை இன்னும் ஒரு பல் கூட்டி இழுப்பதும், கியரில் போடுவதும், முன் சக்கரத்தை ஓரத்துச் சுவரை நோக்கித் திருப்பி வைப்பதும் நல்லது. மேஸ்திரியின் கல்லும் இருக்கட்டும். ஆனால் அது துணைக்குத்தான்.

என் தொழிலை வைத்துச் சொல்வதானால், வாத்தியார் வகுப்பில் இருக்கும்போது பிள்ளைகள் அடங்கியிருப்பது கால் பிரேக். அவர் வெளியே போன பிறகும் அடங்கியிருப்பது கைப் பிரேக். முன்னதற்கு நம் கண்ணும் காலும் வேண்டும். பின்னது நாம் இல்லாத நேரத்தில் நம் கடமையைச் செய்கிறது. பழைய வண்டிக்குப் புதிய பிரேக் வாங்கப் புறப்படும் அன்பர்கள், டிஸ்க்கின் விலையை விசாரிக்குமுன் கேபிளின் வழியை விசாரித்துக்கொள்ளட்டும். தெருவின் அடியில் நிற்கும் குழந்தைகளுக்கு, நம் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது ஒரு பொருட்டே அல்ல.