ஷேடு பார்க்கும் வேலை

சாயப்பட்டறைக்காரர்களிடம் என் வேலையை விளக்குவது சுலபம். நோய்க்குறியியல் ஆய்வகத்தில் தினமும் புழங்கும் ஹீமடாக்சிலின் ஒரு காலத்தில் துணிக்குப் போட்ட மரச்சாயம். படிகாரம் போன்ற உப்பு சேர்ந்தால்தான் பிடிக்கும் என்றதும் அவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் கருப்பை உள்படலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இருக்கின்றனவா என்பதற்கு அது தரும் நீலம் போதாது. ஏற்பியில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு, ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழுப்பு நல்ல திசுவிலேயே ஒரு மாதத்துக்குள் மாறிவிடும். மாதவிலக்கு முடிந்த நாட்களில் சுரப்பிகளிலும் சுற்றியுள்ள திசுவிலும் இரண்டு ஏற்பிகளும் அடர்த்தியாகத் தெரியும். கருமுட்டை வெளியேறி புரோஜெஸ்டிரோன் ஏறியபின் சுரப்பிகளில் அது வெளிறிப்போகும். சுற்றுத்திசுவில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி மட்டும் அப்படியே நிற்கும். திசுவை அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்து அளந்தால் சுரப்பியும் சுற்றுத்திசுவும் கலந்த சராசரிதான் கிடைக்கும். எது எங்கே போயிற்று என்று காட்டும் ஸ்லைடை நான் விடமாட்டேன்.

அதனால் கடைசி மாதவிலக்குத் தேதி எனக்கு வேண்டும். படிவத்தில் பெரும்பாலும் 'அதிக ரத்தப்போக்கு' என்பதோடு சரி. போன் போட்டுக் கேட்பேன். "மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களாம்மா?" "மருந்துக்கடைல ஒரு அட்டை வாங்கிப் போட்டனுங்க டாக்டர், நோம்பி வந்துச்சுங்க." நோம்பிக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கும் அந்த மாத்திரை நோரெத்திஸ்டிரோன். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் நிற்பவர்கள், ரத்தப்போக்கை நிறுத்தவும் அதையேதான் போடுகிறார்கள். அது சுரப்பிகளைச் சுருக்கி ஏற்பிகளையும் குறைத்துவிடும். மாத்திரையைச் சொல்லாமல் வரும் திசுவைப் பார்த்து ஏற்பி குறைவு என்றால், அதற்கு அர்த்தமே இல்லை.

உள்படலப் புற்றுநோயில் கதை வேறு. மாதவிடாய் நின்றபின் உடல் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொண்டே இருக்கும். எதிர்க்கப் புரோஜெஸ்டிரோன் இருக்காது. அப்படித் தூண்டப்பட்டு வளரும் எண்டோமெட்ரியாய்டு வகையில், கட்டியின் தரநிலை ஏறாதவரை ஏற்பிகள் அநேகமாக இருக்கும். சீரஸ் வகையில் அவை பல சமயம் இராது, பி53 மரபணு கெட்டிருக்கும். 1983-இல் போக்மன் என்ற ஆய்வாளர் பிரித்த இரண்டு வகைகள் ஏறக்குறைய இவைதான். 2013-இல் அமெரிக்க மரபணு வரைபடக் குழு அதை நான்காக்கியது. குழந்தை வேண்டும் என்ற இளம்பெண்ணுக்கு, கட்டி உள்படலத்தோடு நின்று தரநிலையும் குறைவாக இருந்தால், கருப்பையை எடுக்காமல் புரோஜெஸ்டின் மாத்திரை கொடுத்தோ கருப்பைக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் வைத்தோ சில மாதங்களுக்கு ஒருமுறை திசு எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய ஏற்பியைத்தான் நான் தேடுகிறேன்.

கட்டியை நான் முதலில் பார்ப்பதில்லை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் நல்ல சுரப்பியையோ தசையையோ பார்ப்பேன், பட்டறையில் ஒப்புதலான லேப் டிப் சாம்பிள் துணியை விளக்கடியில் வைத்துப் பார்ப்பதுபோல. அதில் பழுப்பு ஏறியிருந்தால்தான் கட்டியின் வெறுமைக்கு மதிப்பு. திசுவை எடுத்தபின் உப்புநீரில் போட்டு அனுப்பும் இடங்கள் உண்டு. ஃபார்மலினுக்குத் தாமதமாகப் போனால் ஏற்பி சிதைந்துவிடும். ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்று மார்பகத் திசுவுக்கு வகுத்த விதியைத்தான் நாங்கள் இதற்கும் வைத்திருக்கிறோம். தசையும் வெளிறி, கட்டியும் வெளிறியிருந்தால் 'நெகடிவ்' என்று எழுதமாட்டேன். வேறு பிளாக் வெட்டிச் சாயம் போடச் சொல்வேன். அதுவும் அப்படியே வந்தால், 'மதிப்பிட இயலாது, புதிய திசு தேவை' என்று எழுதிவிட்டு, அனுப்பிய டாக்டருக்கு நானே போன் போடுவேன்.