பழைய சக்கரம், புதிய தோல்

கப்பலைத் திருப்பும் கருவிக்குத் தமிழில் சுக்கான் என்று பெயர். அரபு மொழியிலிருந்து கடல் வணிகத்தின் வழியாக வந்த சொல் அது. சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி. பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழ் மாலுமிகளின் நாவில் இச்சொல் நன்றாகப் புழங்கியிருக்கும். மகிழுந்து தோன்றிய காலத்தில் அதைத் திருப்புவதற்கும் படகுச் சுக்கானின் பிடியைப் போன்ற ஒரு கோல்தான் இருந்தது. 1894ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் தம் பனார் வண்டியில் கோலுக்குப் பதிலாக ஒரு சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோல் மறைந்தது, சக்கரம் நிலைத்தது.

ஒரு வண்டியில் மனிதக் கை விடாமல் பற்றியிருக்கும் பகுதி ஸ்டீயரிங் சக்கரம் ஒன்றுதான். இருக்கையில் சாய்கிறோம், கதவைத் தொட்டுவிட்டு விடுகிறோம். சக்கரத்தை மட்டும் பயணம் முடியும்வரை விடுவதில்லை. எனவே, வண்டியை ஓட்டியவரின் வரலாறு முழுவதும் அதில் பதிந்துவிடுகிறது. கடிகார முகத்தில் பத்தும் இரண்டும் இருக்கும் இடங்களில் தோல் வழவழப்பாகித் தேய்ந்திருக்கும். மோதிரம் அணிந்த கை என்றால் மெல்லிய கீறல்கள் இருக்கும். ஒரு கையைச் சன்னலில் ஊன்றி, மறு கையால் ஓட்டியவரின் சக்கரம் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும்.

அக்காலப் பினாங்கில் செல்வந்தர் வீட்டுப் பெரிய மகிழுந்துகளை அவர்களே ஓட்டுவது குறைவு. குதிரை வண்டிக் காலத்துச் 'சைஸ்' என்ற பெயரே வண்டியோட்டிக்கும் நிலைத்திருந்தது. மலாய்க்காரரும் இந்தியரும் அவ்வேலையில் இருந்தனர். ஆகவே, அந்தப் பெரிய வண்டிகளின் சக்கரத்தில் தேய்மானம் உண்டாக்கியவை உரிமையாளரின் கைகள் அல்ல. இரண்டே இருக்கை கொண்ட பந்தய வகை மகிழுந்தின் கதை வேறு. அதில் சைஸுக்கு இடமில்லை. வாங்கியவரே ஓட்டினார், அவர் கையே சக்கரத்தில் பதிந்தது. தாத்தாவின் வண்டி பேரனிடம் வந்து சேரும்போது, மற்ற எதையும்விடச் சக்கரத்தை மாற்றத்தான் அவன் மிகவும் தயங்குவான். அந்தத் தயக்கம் வீண் உணர்ச்சி அன்று.

எம்ஜிபி என்ற ஆங்கிலேய வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்ட இவ்வகை வண்டிகளின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டும். தொடக்க கால எம்ஜிபியின் சக்கர விளிம்பு கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. 1970ஆம் ஆண்டு மாதிரி முதல் தோல் போர்த்திய விளிம்பு வந்தது. இத்தகைய வண்டிகள் மலாயாவுக்குக் கப்பலில் வந்தன. பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டுதான் திறக்கப்பட்டது. அதுவரை தீவுக்குள் நுழைந்த எந்த மகிழுந்தும் கடலைத் தாண்டியே வந்தது: கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கியது, அல்லது பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் ஏறி வந்தது.

கடல் கொண்டுவந்து சேர்த்த வண்டிக்குக் கடலே பகையும் ஆனது. உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. ஈரம் தோலில் பூஞ்சணத்தை வளர்க்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியின் சக்கரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மாலையில் மழை பெய்ததும் குளிரும். இப்படி நாள்தோறும் காய்ந்தும் நனைந்தும் தோல் சுருங்குகிறது. சுருங்கிய தோல் தையலை இழுக்கிறது. நூல் முதலில் அறும், பிறகு தோல் கிழியும். பிளாஸ்டிக் விளிம்பின் நிலை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் எஃகு வளையத்தின் மேல் பிளாஸ்டிக் சுருங்க இடமில்லாமல், கரங்கள் சேரும் இடங்களில் வெடித்துவிடும்.

சந்தையில் விற்கும் ரப்பர் உறையை மேலே மாட்டி மறைத்துவிடுவது பலரும் செய்யும் காரியம். அது நோயை மூடி வைப்பது போன்றது. உறைக்குள் வியர்வை தங்கும். தங்கிய ஈரம் பூஞ்சணத்துக்கு விருந்தாகும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலும் இதே தவறு நடந்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும் தன்மையுடையது. அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசிய சுவர்களில் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லும் உப்பும் உதிரத் தொடங்கின. லெபோ லெய்த்தில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையைச் சீரமைத்தவர்கள் அந்த வழியில் போகவில்லை. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்த பழைய பூச்சு முறையையே மீண்டும் கையாண்டனர். அந்தப் பணிக்கு 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஜார்ஜ்டவுன் நகரமே உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு மாளிகைக்குப் பொருந்தும் நெறி ஒரு சக்கரத்துக்கும் பொருந்தும். எது கெட்டதோ அதை மட்டும் மாற்ற வேண்டும். கெட்டது எதனால் என்று அறிந்த பிறகு மாற்ற வேண்டும்.

வேலை சக்கரத்தைக் கழற்றுவதில் தொடங்குகிறது. நடுவில் உள்ள ஒலிப்பான் பொத்தானை நீக்கினால் உள்ளே ஒரு பெரிய திருகு மரை தெரியும். தண்டிலும் சக்கரத்திலும் நேர்க்கோட்டில் ஓர் அடையாளம் இட்ட பிறகே அதைத் தொட வேண்டும். இல்லையேல் திரும்பப் பூட்டும்போது சக்கரம் ஒரு பல் தள்ளிப் போய், நேராக ஓடும் வண்டியில் சக்கரம் மட்டும் கோணலாக நிற்கும். அனுபவசாலிகள் மரையை முழுவதும் கழற்றிவிடுவதில்லை. இரண்டு மூன்று புரிகளில் விட்டு வைப்பார்கள். பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த சக்கரம் இழுக்கும்போது சட்டென்று விடுபட்டு முகத்தில் மோதும். அதைத் தடுப்பது அந்த மரைதான்.

பிறகு பழைய தையலைப் பிரிக்கிறார்கள். நூலை மட்டும் அறுத்துத் தோலை முழுதாக உரித்தெடுக்க வேண்டும். உரித்த தோலை அப்படியே அச்சாக வைத்துப் புதுத்தோலை வெட்டலாம் என்று தோன்றும். அது கூடாது, அந்தத் தோல் ஏற்கெனவே சுருங்கியது. எனவே, வெறும் விளிம்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, உள்விளிம்பில் கீறிப் பிரித்தெடுக்கிறார்கள். அதுவே சரியான அச்சு. பழைய தோல் வேறொன்றுக்கு உதவும்: தையல்களின் இடைவெளி எவ்வளவு, நூலின் பருமன் எவ்வளவு, கரங்களைச் சுற்றி எப்படி வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில் எழுதி வைத்தாற்போல் இருக்கும்.

தோலுக்கு அடியில் இருக்கும் வளையத்தை இந்தக் கட்டத்தில்தான் பார்க்க முடியும். துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். மேற்பூச்சில் வெடிப்பு இருந்தால் அதை ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் சற்று அகலப்படுத்தி, எபோக்சி பசையால் நிரப்பி, காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வளையம் வளைந்திருந்தாலோ, கரம் சேரும் இடத்தில் உலோகம் விரிந்திருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிடுவதுதான் நேர்மை. விபத்தில் ஓட்டுநரின் மார்புக்கு எதிரே நிற்கும் பொருள் அது. எவ்வளவு அருமையான நினைவாக இருந்தாலும், விரிசல் விட்ட சக்கரத்துக்கு உரிய இடம் வீட்டுச் சுவர்தான்; வண்டி அன்று. உரிமையாளர் எவ்வளவு மன்றாடினாலும் முடியாது என்று சொல்லக்கூடிய கைவினைஞரையே நம்பலாம்.

புதுத்தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் போதும். தடித்தால் வளைவில் மடிப்பு விழும். மெலிந்தால் தையலில் கிழியும். தோல் பதனிடுதலில் தமிழர்க்கு நெடிய வரலாறு உண்டு. ஆவாரம் பட்டையின் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் திண்டுக்கல், ஈரோடு, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 'கிழக்கிந்தியத் தோல்' என்பது அதன் வணிகப் பெயர். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1948ஆம் ஆண்டு சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் இன்றும் புகழ் பெற்றது. ஆயினும், ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது பட்டைத் தோல் அன்று, குரோம் உப்பில் பதனிட்ட தோல். அது மென்மையானது, கொதிநீரில் போட்டாலும் எளிதில் சுருங்காது. பட்டைத் தோல் அந்தச் சூட்டுக்கு முன்பே சுருங்கிவிடும். பினாங்கு வெயிலில் நிற்கப்போகும் வண்டிக்கு எது ஏற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வருவது கணக்கும் பொறுமையும். சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 125 செ.மீ. தோல்பட்டையை அதைவிடச் சற்றுக் குறைவான நீளத்திலேயே வெட்டித் தைக்கிறார்கள். இழுத்துப் பொருத்தினால்தான் அது இறுகி நிற்கும். பட்டையின் இரு ஓரங்களிலும் முதலில் தையல் இயந்திரத்தால் ஒரு வரிசைத் தையல் போடப்படும். இது அழகுக்காக அன்று. பின்னர் கையால் தைக்கும்போது ஊசி தோலைத் துளைக்காமல் இந்தத் தையலின் அடியில் நுழைந்து செல்லும். இழுவிசை முழுவதையும் நூல் தாங்கும், தோல் கிழியாது. யார் கண்டுபிடித்த உத்தியோ, மிக நுட்பமானது.

கைத்தையலுக்கு ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். ஓரத்துக்கு ஓர் ஊசியாக மாறி மாறிக் கோத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விசையில் இழுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் உள்விளிம்பைச் சுற்றி வர இருநூறுக்கும் மேற்பட்ட தையல்கள். நூறாவது தையலில் விரல் வலிக்கத் தொடங்கும். அங்கே இழுப்பைத் தளர்த்தினால், முடிந்த பிறகு அந்த இடம் மட்டும் புடைத்துக் காட்டிக்கொடுக்கும். அதனால் வேகமாக முடிக்க நினைப்பவருக்கு இந்த வேலை அமையாது. கரங்கள் வரும் இடங்களில் தோலைச் சற்று நனைத்து, விரல் நகத்தால் அழுத்தி, வளைவுக்குப் பழக்க வேண்டும். வெப்பக் காற்றுக் கருவியைக் காட்டி இழுத்தால் விரைவில் படியும். ஆனால், வெப்பம் மிகுந்தால் தோல் விறைத்துச் சில ஆண்டுகளில் மீண்டும் வெடிக்கும்.

தேசியஸ் என்ற வீரனின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர்கள் ஒரு புதிர் சொன்னார்கள். பலகை இற்றுப்போகும்போதெல்லாம் புதுப் பலகையை மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் இருப்பது அதே கப்பல்தானா? தாத்தாவின் கை பட்ட தோல் போய்விட்டது. சக்கரம் அவருடையதுதானா என்று பேரன் கேட்கலாம். வளையம் அதுவே, கரங்கள் அவையே, விட்டமும் பருமனும் அவையே. அவர் கை எவ்வளவு அகலமாக விரிந்து எதைப் பற்றியதோ, அதே அகலத்தில் அதையே அவன் பற்றுகிறான். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரவழைத்த சக்கரம் இன்னும் பளபளப்பாக இருக்கலாம். இதை அதனால் தர முடியாது.

ஜார்ஜ்டவுனில் சொங்கோக் தைப்போர், பிரம்பு முடைவோர், ஊதுவத்தி உருட்டுவோர் என்று பழைய கைத்தொழிலாளர்களைத் தேடிச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். மகிழுந்து இருக்கைகளுக்குத் தோல் தைக்கும் குஷன் கடைக்காரரை யாரும் படம் எடுப்பதில்லை. அவரது கடை சுவரோவியம் உள்ள தெருவில் இல்லை. அவர் செய்வதும் மரபுத் தொழில் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால், இருநூறு தையலை ஒரே சீராக இழுக்கும் விரல்கள் சில மாதப் பயிற்சியில் வந்துவிடா. இளையோர் இத்தொழிலுக்கு வராமல் போனால், வண்டி இருக்கும், தோலும் கிடைக்கும், தைக்க மட்டும் ஆள் இருக்கமாட்டார்.

தைத்து முடித்த சக்கரத்தை ஒரு நாள் நிழலில் வைத்த பின்பே வண்டியில் பூட்டுகிறார்கள். அடையாளக் கோடுகள் நேராகச் சேர்கின்றன. மரை இறுகுகிறது. முதல் ஓட்டத்துக்கு நேரான சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சக்கரம் நடுநிலையில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். புதுத்தோல் கைக்குச் சற்று விறைப்பாகவே இருக்கும். வண்டி கிளம்பும்முன் கைவினைஞர் பழைய தோலைச் சுருட்டி ஒரு காகித உறையில் போட்டு உரிமையாளரிடம் நீட்டுவதுண்டு. காகித ஒட்டுநாடாவில் எடுத்த அச்சை மட்டும் அவர் தருவதில்லை. அதில் பென்சிலால் வண்டியின் பெயரையும் ஆண்டையும் எழுதி, பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டி வைக்கிறார். அடுத்த எம்ஜிபி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.