தட்டட்டி ஒழுகுது, சுவர் பூக்குது... நெல்லை டவுனில் ஒரு பழைய வீட்டைச் சரிசெய்த கதை!

திருநெல்வேலி டவுனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடப்பார்கள். ஆர்ச், நெல்லையப்பர் கோயில், கீழ ரத வீதியில் சாயங்கால அல்வா வரிசை, ஒரு ஜவுளிக்கடை, பிறகு ஜங்ஷனுக்கு பஸ். ரத வீதிகளிலிருந்து பிரியும் தெருக்களுக்குள் யாரும் நுழைவதில்லை. அடுத்த முறை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி உள்ளே போய்ப் பாருங்கள்.

வாசலில் பன்னிரண்டு, பதினைந்து அடி அகலம்தான் இருக்கும். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி வீடு நீண்டுகொண்டே போகும். திண்ணை, அதைத் தாண்டினால் தார்சா, பிறகு பட்டாசால், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணறு, புறவாசல். வண்ணதாசன் கதைகளைப் படித்தவர்களுக்கு தார்சாவும் பட்டாசாலும் ஏற்கெனவே போய்வந்த இடங்களாக இருக்கும். இப்போது பல வீடுகளில் திண்ணை இல்லை. சாக்கடை கட்டும்போது பாதி போனது, பைக் ஏற்றுவதற்குச் சாய்தளம் போட்டபோது மீதி போனது.

பழைய வீடு பார்க்க வேண்டுமென்றால் நாம் செட்டிநாட்டுக்குக் கார் பிடிக்கிறோம். அவை அரண்மனைகள். நான் சொல்லும் வீடுகள் கணக்கப்பிள்ளைகளும் வாத்தியார்களும் கடைக்காரர்களும் கட்டியவை. இத்தாலிப் பளிங்கு கிடையாது. பட்டாசாலில் மட்டும் தேக்கு உத்திரம், மற்ற இடங்களில் கிடைத்த மரம். இங்கே யாரும் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்ப்பதில்லை. ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படி ஒரு வீட்டில்தான் எங்கள் ஆச்சி இருக்கிறாள். வயது 81. வீட்டுக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்மாவட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் தெருக்களுக்குள் புகுந்தது. எங்கள் தெருவுக்கு ஆறு வரவில்லை. எங்களுக்குத் தண்ணீர் மேலே இருந்து வந்தது. பட்டாசாலில் ஒன்பது இடத்தில் ஒழுக்கு. அண்டா, போணி, இட்லிப் பானை, கடைசியில் சாமி அறையில் இருந்த பித்தளைத் தாம்பாளம் வரை எடுத்து வைத்துவிட்டு, ஆச்சி கட்டிலைத் தார்சாவுக்கு இழுத்துக்கொண்டாள். "92 வெள்ளத்துலகூட இப்படி ஒழுகலட்டி" என்றாள் போனில்.

மழை விட்ட மறுநாளே வாட்ஸ்அப் குரூப்பில் வாதம் ஆரம்பித்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார் ஒரு மாமா. விற்றுவிடலாம் என்றார் ஒரு சித்தி. ஆச்சியை மதுரைக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள் எல்லாரும், ஆச்சியைத் தவிர. இடிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நம் பக்கம் உத்திரத்தை உருவினால் பக்கத்து வீட்டு அடுக்களையில் விரிசல் விடும். பொதுச்சுவர் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

அடுத்த ஐப்பசி மழைக்குள் கூரையைப் பார்ப்பது, ஆச்சி இருக்கும் வரை வீடு இருப்பது. இந்த அளவுக்குத்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ரிப்பேருக்கு மேல் ரிப்பேர்

தை கடைசியில் கொத்தனார் வந்தார். எழுபதைத் தொட்டவர். தெருவில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்குத் தாத்தா. கையில் ரசமட்டம்கூட இல்லை, ஒரு சின்னச் சுத்தியல் மட்டும். தட்டட்டியில் நடந்துகொண்டே தட்டினார். சில இடத்தில் 'டங்'. சில இடத்தில் 'டொக்'. 'டொக்' வந்த இடத்திலெல்லாம் கரித்துண்டால் வட்டம் போட்டார். அரைமணி நேரத்தில் தட்டட்டி முழுக்க வட்டங்கள்.

பிறகு ஒரு மூலையில் கொத்திப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் குடும்ப வரலாறு அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே, வெயில் தாங்க அடித்த வெள்ளைப் பெயின்ட். அதன் கீழே தார் ஷீட். அதன் கீழே இரண்டு அங்குல சிமென்ட் தளம். அதற்கும் கீழேதான் அசல் தட்டோடும் சுண்ணாம்பும். ஒவ்வொரு தடவை ஒழுகியபோதும், ஒழுகும் காரணத்தைப் பார்க்காமல் மேலே ஒரு சட்டை மாட்டியிருக்கிறார்கள். சிமென்ட் விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் திரும்ப மேலே ஏறி ஆவியாக வழியில்லாமல் நடுவிலேயே தங்கி, உத்திரத்தின் சுவருக்குள் போகும் முனையைத் தின்றிருக்கிறது. மரம் நடுவில் ஒடியும் என்று நாம் பயப்படுகிறோம். அது பெரும்பாலும் சுவருக்குள் மறைந்திருக்கும் நுனியில்தான் இற்றுப்போகிறது.

"புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம் பாப்பா. செஞ்சதை எடுக்கதுதான் முக்காவாசி வேலை" என்றார்.

அது உண்மைதான் என்று அடுத்த நாலு மாதமும் நிரூபணமானது. பழைய வீட்டை அரித்தது வயதைவிட, நாம் செய்த வைத்தியம். கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றை வருஷா வருஷம் யாரோ ஒடித்துப் போட்டிருக்கிறார்கள். வேர் உள்ளேயே தடித்துச் சுவரைப் பிளந்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கும் தூம்பு வாயில் சருகும் புறா எச்சமும் அடைத்திருந்தன. ஒன்பது ஒழுக்கில் மூன்றுக்கு அந்த அடைப்பு மட்டுமே காரணம். உங்கள் வீட்டில் மொட்டைமாடி ஒழுகினால், கெமிக்கல் டப்பா வாங்கும் முன்பு தூம்பைப் பாருங்கள்.

சுவர் கதை இன்னும் சுவாரஸ்யம். பட்டாசாலில் இடுப்பு உயரத்துக்கு எப்போதும் உப்புப் பூத்துக் கிடக்கும். விரலால் தொட்டால் மாவாக உதிரும். காரணம், செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் மெதுவாக வெளியேறிக் காய்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி தேடி மேலே ஏறும். அங்கே டைல்ஸ் ஒட்டினால் அதற்கும் மேலே ஏறும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்திருந்தன. "சுவத்துக்கு ரெயின்கோட்டை மாட்டிவிட்டு, உள்ள வேர்க்க விட்டிருக்கிய" என்றார் தாத்தா.

அந்த சிமென்ட்டைப் பூசியது எங்கள் தாத்தா. அதைக் கொத்தி எடுக்கப் போகிறோம் என்றதும் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். 1949-ல் பக்கத்திலேயே தாழையூத்தில் சிமென்ட் ஆலை வந்தும், நினைத்தபோது கடையில் போய் மூட்டை வாங்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1982 வரை சிமென்ட் முழுக்க அரசுக் கட்டுப்பாட்டில். பெர்மிட்டுக்கு எழுதிப்போட்டு, அலைந்து வாங்கி, தெருவிலேயே முதலில் சிமென்ட் பூசிய பட்டாசால் எங்களுடையது என்று தாத்தா கடைசிவரை பெருமைப்பட்டாராம். "அவுக கையால தண்ணி ஊத்தி நனைச்ச சுவருட்டி அது."

மூன்று நாள் யாரும் சுவரைத் தொடவில்லை. நாலாம் நாள் ஆச்சியே, "சாமி படம் மாட்டியிருக்க பக்கத்தை மட்டும் விட்டுட்டு மத்ததை எடுங்க" என்றாள். அந்த ஒரு பக்கத்தில் இன்றும் தாத்தாவின் சிமென்ட் இருக்கிறது. அங்கே மட்டும் உப்புப் பூக்கிறது.

சுவருக்குக் கருப்பட்டியா?

சுண்ணாம்பு தேடி அலைந்தது ஒரு தனி அனுபவம். ஹார்டுவேர் கடைகளில் 'சுண்ணாம்பு' என்றால் புட்டியை எடுத்துக் காட்டுகிறார்கள். கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு வந்தது. புறவாசலில் தொட்டி கட்டி, தண்ணீரில் போட்டதும் அடுப்பில்லாமலே கொதித்தது. வெள்ளை ஆவி கிணற்றடி வரை பரவியது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைக் கிட்டே விடவே கூடாது.

அப்படி நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரம் ஊறவிட வேண்டும். இன்னொரு பக்கம், இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் பானைத் தண்ணீரில் ஊறிப் புளிக்க வேண்டும். ஆச்சி சம்புடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உடன்குடிக் கருப்பட்டி. காப்பிக்கே எண்ணிப் போடுதேன். சுவத்துக்கா?" கடையில் மட்டமான கருப்பட்டி தனியாக வாங்கிய பிறகுதான் வேலை நடந்தது. அதையும் மோந்து பார்த்துவிட்டு, "சீனி கலந்திருக்கான். சுவர் வாயில வைக்காது" என்று தீர்ப்பு சொன்னாள்.

தட்டட்டிக்கு இந்தக் காரையில் செங்கல் ஜல்லி சேர்த்துப் பரப்பி, மரத் தட்டுக்கட்டையால் அடிக்க வேண்டும். வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, கட்டை எகிறும் வரை அடி. நாலு சித்தாள்கள் மூன்று நாள் அடித்தார்கள். பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் பையன் இருந்த எதிர்வீட்டில் முகம் சுளித்தார்கள். முழுத் தட்டட்டிக்கும் காசு போதவில்லை. பட்டாசாலுக்கு மேலே மட்டும் புதுசு, மற்ற இடத்தில் விரிசலைக் கீறிக் காரை வைத்து அடைத்ததோடு சரி.

இற்றுப்போன உத்திரத்துக்குப் புதுத் தேக்கின் விலை கேட்டுவிட்டு, ஆசாரி எங்களைப் பழைய மரக்கடைக்கு அழைத்துப் போனார். இடித்த வீடுகளின் நிலை, கதவு, தூண் எல்லாம் வெயிலில் அடுக்கிக் கிடக்கும் இடம். நீளத்துக்கு ஒன்று அமைந்தது. வீட்டில் இறக்கும்போது ஆச்சி, "எந்த வீட்டு மரம்?" என்று கேட்டாள். மேல ரத வீதிப் பக்கம் என்று ஆசாரி அடையாளம் சொன்னதும், தெரிந்த வீடு. அந்தப் பட்டாசாலில் ஆச்சி கல்யாணப் பந்தி சாப்பிட்டிருக்கிறாளாம். மரத்தில் ஊஞ்சல் கொண்டி இருந்த துவாரத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து வைத்தாள்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரப்பட்டைக்குள் ஓடிய பழைய வயர், தொட்டாலே உறை உதிர்ந்தது. எர்த் கிடையாது. கட்டிங் மெஷினைச் சுவரில் வைத்தால் காரை பொலபொலவென்று கொட்டியதால், வெளியே தெரிகிற மாதிரி பைப் போட்டுவிட்டார் எலெக்ட்ரீஷியன். அழகாக இல்லை. ஆனால், சுவர் நிற்கிறது.

கையெழுத்து எங்கே?

கொத்தனாரையும் ஆசாரியையும்விடக் கடினமானவர்கள் நம் சொந்தங்கள். தாத்தா உயில் எழுதவில்லை. சட்டப்படி ஆச்சிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சம பங்கு, பெண்களுக்கும் சேர்த்துத்தான். வங்கிக் கடன் கேட்டால் வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். பட்டாவோ இன்னும் பூட்டன் பெயரில். ஆகவே கடன் இல்லை. முடிந்தவர்கள் முடிந்ததைப் போட்டார்கள்.

ஒருவர் மட்டும் பணமும் தரவில்லை, தன் பாகம் என்று அவர் சொல்லும் இரண்டாம் கட்டைத் தொடவும் விடவில்லை. "நாளைக்கு விக்கும்போது செலவுக் கணக்கு பேசுவிய" என்றார். அவர் சொல்வதிலும் பொருள் இல்லாமலில்லை. பத்து வருஷம் கழித்துப் பாகம் பிரிக்கும்போது, யார் போட்ட சுண்ணாம்புக்கு யார் பங்கு என்று எப்படிப் பிரிப்பது? ஆச்சி எதுவும் பேசவில்லை. இரண்டாம் கட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அங்கிருந்த நெல் குதிரை மட்டும் பட்டாசாலுக்கு நகர்த்தச் சொன்னாள். வெறும் குதிர்தான், நெல் கொட்டி முப்பது வருஷமாகிறது.

வைகாசியில் வேலை முடிந்தது. சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் மெதுவாக இறுகும், அவசரப்படாது. ஆனித் தேரோட்டத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முதுகில் அப்பிக்கொண்டு போனார்கள்.

2024 டிசம்பரில் மறுபடியும் பெருமழை. பட்டாசாலில் ஒரு சொட்டு இல்லை. விரிசல் அடைத்த பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் ஒழுக்கு, அதற்கு ஒரு போணி போதும். இரண்டாம் கட்டில் என்ன நடந்தது என்பதை மழை விட்டபின் கதவைத் திறந்துதான் பார்த்தார்கள். ஒரு மூலை கூரை தரையில் கிடந்தது. போட்டோ குரூப்பில் போனது. மறுநாள் இரவு அந்த மாமா ஆச்சிக்குப் போன் செய்து, கொத்தனார் நம்பர் கேட்டிருக்கிறார்.

கொத்தனார் தாத்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு வீடுதான். மகன் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டார், கூட வேலை பழக ஆளில்லை. எங்கள் தட்டட்டியைப் பார்த்துவிட்டு தெருவிலேயே நாலு வீடு சொல்லி வைத்திருக்கிறது. மாமாவுக்கு ஆவணிக்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.