யாரும் கேளாத தந்தி

கேளிக்கைப் பூங்கா என்றவுடன் இராட்டினமும் நீர்ச்சறுக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. சில பூங்காக்கள் அவற்றோடு நின்றுவிடுவதில்லை. கதை நடக்கும் ஊரையே கட்டியெழுப்பி, நம்மை அதனுள் நடக்கவிடுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் என்னும் ஊரில், ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த நிலத்தில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து இவ்வகைப் பூங்காக்களுக்கு முன்னோடியாகும்.

அதனை வடிவமைத்தோருள் பலர் திரைப்படக் கலை இயக்குநர்கள். ஆயினும் படப்பிடிப்பு அரங்கு வேறு, பூங்கா வேறு. செகந்திராபாத்தில் பணியாற்றிய காலத்தில் மாணவர்களை இராமோஜி திரைப்பட நகருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மாளிகை போல் தோன்றிய ஒன்றன் பின்புறம் ஓடிச் சென்று பார்த்த சிறுமி ஒருத்தி, “ஐயா, இந்த வீட்டுக்குள் வீடே இல்லை!” என்றாள். படக்கருவி முன்பக்கத்தை மட்டுமே காண்பதால் அதற்கு அவ்வளவு போதும். பூங்காவுக்கு வரும் குழந்தையோ நாற்புறமும் சுற்றிவரும்; சுவரைத் தட்டிப் பார்க்கும்; மூடிய கதவைத் திறக்க முயலும்.

ஆதலால் டிஸ்னிலாந்தைச் சுற்றி மண்மேடு எழுப்பி, வெளியுலகம் கண்ணில் படாதவாறு மறைத்தனர். நுழைந்ததும் வரும் கடைத்தெரு, வால்ட் டிஸ்னி சிறுவயதில் வாழ்ந்த மார்சலின் என்னும் சிற்றூரின் நினைவில் எழுந்தது. அங்குள்ள கட்டடங்களின் மேல்தளங்கள் கீழ்த்தளத்தைவிடச் சிறியவை. அதனால் அவை உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். கோட்டையின் உயரம் 77 அடிதான். மேலே செல்லச் செல்லக் கற்களின் அளவு குறைவதால் அது நெடிதுயர்ந்து நிற்கிறது. 1971இல் புளோரிடாவில் திறந்த பூங்காவிலோ, ஒரு கதைக்குரிய உடையணிந்த பணியாளர் மற்றொரு கதைக்குரிய பகுதியில் தென்படாதிருக்க, மக்கள் நடக்கும் தளத்திற்குக் கீழே தனி வழிகளையே அமைத்துவிட்டனர்.

இவை கண்ணை ஏமாற்றும் உத்திகள். இவற்றின் பயன் எளிதில் விளங்கும். என்னை வியப்பில் ஆழ்த்துவது வேறொன்று. டிஸ்னிலாந்தின் நியூ ஆர்லியன்ஸ் சதுக்க இரயில் நிலையத்தின் எதிரே, பழங்காலத் தந்தி அலுவலகத்தைப் போன்ற ஒரு சிறு அறை உள்ளது. அதிலிருந்து தந்திக்கருவியின் ‘கட், கட்கட்’ ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே பொருளற்ற ஓசை ஒன்றை வைத்திருந்தாலும் எவரும் குறை கூறப்போவதில்லை. ஆயினும் அது, திறப்புநாளில் வால்ட் டிஸ்னி ஆற்றிய உரையின் தொடக்கம். அமெரிக்க இரயில்வே பயன்படுத்திய பழைய தந்திக் குறியீட்டில் அமைந்தது. குறியீடு அறிந்தவருக்கு அது பேச்சு. அறியாதவருக்கு வெறும் ஓசை. (நம் தமிழ் வகுப்பைக் கடந்து செல்லும் பிற மாணவருக்கு நம் பாடமும் அப்படித்தான் கேட்கும் போலும்.)

என் தந்தையார் தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. கலிபோர்னியாவில் வாழும் என் பழைய மாணவன் ஒருவன் அந்த நிலையத்தின் ஓசையைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, எதுவும் கூறாமல் அதனை ஒலிக்கச் செய்தேன்.

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “யாரப்பா அனுப்புகிறார்? நிதானமான கை” என்றார். பின்பு பென்சிலை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் எழுத்தெழுத்தாக எழுதலானார். பாதி எழுத்துகள் சொற்களாகச் சேரவில்லை. “பிழையாக அனுப்புகிறார்” என்று கடிந்துகொண்டார். நம் நாட்டில் வழங்கியது சர்வதேசக் குறியீடு. ஏ, ஈ, எஸ் போன்ற எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. சி, ஓ, ஆர் போன்றவை வெவ்வேறு. இதனை நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, “மறுபடியும் போடு” என்றார்.

மூன்றாம் முறை ஒலித்தபோது, நீண்ட கோடு வந்த இடங்களில் ‘டி’ என்று தாம் எழுதியிருந்தவற்றை அடித்துவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ‘எல்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.