நொய்யல் கரை நகரம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். அதன் கரையில் அமைந்த திருப்பூருக்குப் பனியன் வாங்கவும் விற்கவும் வருவோர் பலர். ஊரைக் காணவென்று வருவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவனாக இரண்டு நாள்கள் அங்கே தங்கியிருந்தேன்.

இரயில் நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் குமரன் நினைவகம் இருக்கிறது. சென்னிமலையில் எளிய நெசவாளர் குடும்பத்தில் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். திருப்பூர் அந்நாளில் தமிழகத்துக் கதர்ப்பணியின் தலைமை இடமாக விளங்கியது. ஆகவே விடுதலைப் போர் இங்கே கனன்றதில் வியப்பில்லை. 1932 சனவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மாதம் 10-ஆம் நாள் இவ்வூர்த் தெருவில் கொடியேந்திச் சென்ற தொண்டர்கள்மீது காவலர் தடியடி நடத்தினர். தலையில் அடிபட்டு வீழ்ந்த குமரன் கையிலிருந்த கொடியை மட்டும் விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. நான் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் உள்ளே வந்தவர் வேறெவரும் இலர். வேலைக்கு விரைபவர்களைக் குறை கூறுவதெப்படி?

கதரூர் பனியனூரான கதை நீண்டது. 1920களில் சிறிதாகத் தொடங்கிய பின்னலாடைத் தொழில், எழுபதுகளின் இறுதியில் ஐரோப்பிய வணிகர் வரத்தொடங்கியபின் வீறு கொண்டது. சுற்றுவட்டாரக் குடியானவர் பலர், மழையை நம்பிய நிலத்தை விட்டு, முதலில் கூலியாட்களாகவும் பின்பு முதலாளிகளாகவும் ஆயினர். ஆயினும் எல்லாருக்கும் அந்த ஏணி கிட்டவில்லை. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள்கள் நீடித்தது. நான்கு மாதம் கூலியின்றி அடுப்பெரித்த இல்லங்களை எண்ணிப் பாருங்கள், வாசகர்களே!

துணிக்கு நிறம் ஏறியபோது ஆற்றுக்கும் ஏறியது. சாயம் துணியில் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். நிறத்தை நீக்கினாலும் அந்த உப்பு நீரிலேயே தங்கிவிடும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து கீழ்நோக்கி ஓடியது. அதைத் தேக்குவதற்கென்றே கட்டியதுபோல், 1992-இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணை வழியில் நின்றது. பல்லாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காக எழுப்பிய அணை அது. கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் பட்டுப்போயின. உழவர் நீதிமன்றப் படியேறினர். 2011 சனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன; பனியன் கம்பெனிகளும் தத்தளித்தன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாது வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் பின்னர் அவை படிப்படியாகத் திறந்தன. அதற்கான செலவு பெரிது. சிறு பட்டறைக்காரர் சிலர் தொழிலையே கைவிட்டனர்.

இரண்டாம் நாள் சென்னிமலைப் பக்கம் சென்று அணையைக் கண்டேன். கரையில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அணை கட்டித் தண்ணி குடுங்கன்னு கேட்டதும் நாங்கதானுங்க. அப்புறம் அந்தத் தண்ணியத் தொறந்து உட்டுறாதீங்கன்னு கேட்டதும் நாங்கதானுங்க" என்றார்.

சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, தம் பேத்தி திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னார். ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி அவளை இறக்கிவிடுமாம். அதற்குள் ஆடுகளைப் பட்டியில் அடைக்க வேண்டுமென்று எழுந்து நடந்தார்.